ஜீப்புக்குப் பெயின்ட் கடைசியில்தான்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: தாத்தா காலத்து மகிந்திரா சி.ஜே.3பி ஜீப், கொட்டகையில் பல வருஷமாகச் சும்மா நிற்கிறது. உள்ளே கால் வைத்தால் தரைத் தகடு பொத்துக்கொண்டு போகிறது. டிங்கரிங் கடைக்காரர், "பட்டி போட்டு, பெயின்ட் அடித்துப் புதுசாக்கித் தருகிறேன்" என்கிறார். வீட்டிலேயே செய்ய ஆசை. எதில் தொடங்குவது? (வாசகர், கூடலூர்)

பதில்: பட்டி பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். துருவின் மேல் பூசிய பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரண்டு மழைக்காலம் போனால் பெயின்டோடு சேர்ந்து பொரிந்து உதிரும்.

முதலில் சேஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தைப் பாருங்கள். சின்னச் சுத்தியலால் நீளமாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு 'டிங்' என்று கணீரென ஒலிக்கும். அரித்த இடம் 'தொப்' என்று மந்தமாக இருக்கும். பின்பக்கக் குறுக்குச் சட்டம், பட்டா ஸ்பிரிங்கைச் சேஸோடு இணைக்கும் ஷாக்கிள் மாட்டும் இடங்கள், பாடி போல்ட் இறங்கும் இடங்கள், இந்த மூன்றிலும் ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பாருங்கள். சேஸ் போயிருந்தால் அதை முடிக்காமல் பாடிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம்.

அடுத்து பேட்டரியைக் கழற்றுங்கள். இந்த வண்டியில் பெட்ரோல் டாங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. கிரைண்டரைக் கையில் எடுக்கும் முன் அதை வெளியே கொண்டுபோய் விடுங்கள். பெட்ரோல் தீர்ந்த டாங்க்தான் அதிக ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவி ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். ஓட்டை டாங்கை வீட்டில் வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள்.

தரையை வெட்டும் முன், 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயை டாஷ்போர்டிலிருந்து பின்சக்கர வளைவு வரை இருபுறமும், குறுக்கே ஒன்றுமாகப் பற்றவைத்துத் தாங்கு கொடுங்கள். கூரையில்லாத பாடிக்குத் தரைதான் முதுகெலும்பு. தாங்கு இல்லாமல் வெட்டினால் பக்கவாட்டுத் தகடு விரிந்துவிடும். பிறகு விண்ட்ஷீல்டு சட்டமும் பானட்டும் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. மூலைவிட்ட அளவுகள் இரண்டையும் வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தில் கை வையுங்கள்.

தரைக்கு அடியில் தொப்பி வடிவில் மடித்த சட்டங்கள் ஓடும். சேறு தங்குவது அவற்றின் உள்ளேதான். தரை மேலிருந்து அரிப்பதைவிடக் கீழிருந்து அரிப்பதே அதிகம். மேல் தகட்டை மட்டும் மாற்றிச் சட்டத்தை விட்டுவிட்டால் வேலை பாதிதான். துருவைத் தாண்டி நல்ல இரும்பில் ஒரு அங்குலம் உள்ளே வரை வெட்டி, 18 கேஜ், அதாவது 1.2 மில்லி தகட்டை விளிம்போடு விளிம்பாகப் பொருத்துங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி வைத்தால் நடுவில் தண்ணீர் நிற்கும். சாதா ஆர்க் வெல்டிங் இந்தத் தகட்டை ஓட்டை போட்டுவிடும். கம்பி தானாக இறங்கும் மிக் வெல்டிங்தான் சரி, 0.8 மில்லி கம்பி. ஒரே மூச்சில் இழுக்காமல் 20 மில்லி இங்கே, 20 மில்லி தள்ளி அங்கே என்று மாற்றி மாற்றி வைத்து, தொட்டால் சுடாத அளவுக்கு ஆறவிடுங்கள். அவசரப்பட்டால் தகடு அப்பளம்போல் நெளியும். பிறகு துத்தநாக பிரைமர், இணைப்புகளில் சீலன்ட், சட்டத்தின் உட்புறத்தில் மெழுகுத் தெளிப்பு. தண்ணீர் வடிய 6 மில்லி துளைகளை மறக்காதீர்கள். கலர் பெயின்ட் அடிப்பது, எஞ்சின், பிரேக், வயரிங் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான்.

கேள்வி: பிராக்கெட், கைப்பிடி, போல்ட் போன்ற சின்னச் சாமான்களின் துருவைப் போக்கக் கழிப்பறை ஆசிட் பயன்படுத்தலாமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: துரு சட்டென்று போகும், அடுத்த வாரமே திரும்பி வரும். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மடிப்புகளில் தங்கும் குளோரைடு மறுபடி துருவைக் கிளப்பும். உங்கள் ஊர் உப்புக்காற்றும் அதைத்தானே செய்கிறது! சாமானை முதலில் நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள்.

ஆசிடுக்குப் பதில் மின்சாரத்தால் துருவைக் கழற்றலாம். பிளாஸ்டிக் தொட்டியில் 20 லிட்டர் தண்ணீர் ஊற்றி, 100 கிராம் சலவைச் சோடா கரையுங்கள். உப்புப் போடக்கூடாது. பழைய மாடல் 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவ் முனையைத் துருப்பிடித்த சாமானிலும், பாசிட்டிவ் முனையை வேண்டாத சாதா இரும்புத் தகட்டிலும் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிடுங்கள். மாற்றி மாட்டினால் உங்கள் சாமான்தான் கரையும். தகட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டவே வேண்டாம். தண்ணீரில் நச்சுக் குரோமியம் கலக்கும். ஹைட்ரஜன் குமிழி வரும் என்பதால் திறந்த வெளியில் வையுங்கள், அருகில் நெருப்பு கூடாது. 12 முதல் 24 மணி நேரம் ஆனதும் கறுத்த மாவாகத் துரு கழன்று வரும். துலக்கி, உடனே வெயிலில் காயவைத்து அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். அலுமினியச் சாமான்களையும் ஸ்பிரிங்குகளையும் இந்தத் தொட்டியில் போடாதீர்கள்: முன்னதைச் சோடா அரிக்கும், பின்னதை ஹைட்ரஜன் நொறுங்க வைக்கும்.

கேள்வி: எங்கள் ஜீப்பின் பெட்ரோல் எஞ்சின் சிக்கிக்கொண்டது. வேறொரு வண்டியில் கட்டி இழுத்து கியரில் போட்டால் விடுபடும் என்கிறார்களே? (வாசகர், தேனி)

பதில்: விடுபடும், கூடவே கனெக்டிங் ராடும் வளையும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அசிடோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்த கலவையை 50 மில்லிலிட்டர் ஊற்றுங்கள். ஒரு வாரம் ஊறட்டும். குறையக் குறைய மேலும் ஊற்றுங்கள். பிறகு முன்பக்கக் கைச்சுழற்றியைப் போட்டு முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். முழுச் சுற்றுச் சுற்ற முயலாதீர்கள். ஒரு சென்டிமீட்டர் அசைந்தாலே பாதி வெற்றி.

அசையவே இல்லையென்றால் வால்வைச் சந்தேகியுங்கள். இந்த ஜீப்பின் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினில் இன்லெட் வால்வு ஹெட்டில் இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில் இருக்கும். அதனால் ஹெட்டைக் கழற்றினால்தான் எக்ஸாஸ்ட் வால்வின் தலைப்பக்கம் தெரியும். விடுபட்ட உடனே ஸ்டார்ட் செய்ய ஆசைப்படாதீர்கள். ஊற்றிய கலவை எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் இறங்கியிருக்கும்; சம்ப்பைக் கழற்றி அடிச்சேறு எடுத்து, புது ஆயில் ஊற்றுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரமும் அதில் ஊறி உப்பும், எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 45 கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் வெறிபிடித்ததுபோல் ஆடுகிறது. ஆட்டத்தை அடக்கும் ஸ்டியரிங் டாம்பர் போட்டால் போகுமா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: நோய் மறையும், போகாது. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங் தேய்ந்திருக்கும், அல்லது வீல் பேரிங் லூஸ். இரண்டையும் பிரித்தறிய, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ளட்டும். மிதித்தும் ஆட்டம் நின்றபாடில்லை என்றால் கிங்பின்தான். புது பேரிங் போட்டு, மூடிக்கு அடியில் உள்ள மெல்லிய ஷிம்களைக் குறைத்து இறுக்கத்தைக் கூட்ட வேண்டும். ஆயில் சீலும் டை ராடும் கழற்றிய நிலையில், நக்கிள் கையில் (சக்கரத்தைத் திருப்பும் கையில்) ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்தால் ஐந்தரை முதல் ஏழு கிலோ காட்ட வேண்டும். டை ராடு முனைகளையும் பட்டா புஷ்களையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பிரேக் ரப்பர் வாஷரைப் பெட்ரோலில் கழுவினேன், பெரிதாகிவிட்டது. (வாசகர், ஓசூர்)

பதில்: தூக்கிப் போடுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில் எதுவும் பிரேக் ரப்பருக்கு ஆகாது. கழுவவும் பூசவும் பிரேக் ஆயில் மட்டுமே.

கேள்வி: 1972-ல் பதிவான பெட்ரோல் ஜீப். டீசல் எஞ்சின் மாற்றிவிட்டு, விண்டேஜ் பதிவும் வாங்க முடியுமா? (வாசகர், மதுரை)

பதில்: இரண்டில் ஒன்றுதான். 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, வணிகத்துக்குப் பயன்படாத வண்டிக்கு விண்டேஜ் பதிவு கிடைக்கும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிவு செய்தால் 'வி.ஏ.' வரிசை எண். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனால் சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பதிவு கிடைத்தாலும் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். தினமும் தோட்டத்துக்குப் போய்வர முடியாது. அன்றாடம் ஓட்டுவதுதான் நோக்கம் என்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்து, எஞ்சின் மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்ற ஆர்.டி.ஓ. அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். எதுவாக இருந்தாலும், சேஸில் வெட்டிய எண்ணும் ஆர்.சி. எண்ணும் ஒன்றா என்று துருவைச் சுரண்டிப் பார்த்துவிட்டு முதல் போல்ட்டைக் கழற்றுங்கள். அந்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது, கம்பி பிரஷ் போதும்.