தைராய்டு அறுவை: வாய் வழியாகச் செய்தால் பாதுகாப்பா?

கேள்வி: என் மகளுக்கு வயது 26. தைராய்டின் வலது பக்கத்தில் 3 செ.மீ. கட்டி. ஊசிப் பரிசோதனையில் புற்றுநோயா இல்லையா என்று உறுதியாகத் தெரியாததால், அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்கிறார்கள். வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். "வாய் வழியாக எடுத்தால் தழும்பே இருக்காது, அதுதான் பாதுகாப்பு" என்கிறது ஒரு மருத்துவமனை. நம்பலாமா? - ஒரு தாய், ஈரோடு

பதில்: தழும்பு வெளியே தெரியாது என்பது உண்மை. அதுதான் பாதுகாப்பு என்பது விளம்பரம். கழுத்து வழியோ வாய் வழியோ, உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். தைராய்டை ஒட்டியே குரல் நரம்பு ஓடுகிறது. அதன் தடிமன் ஏறக்குறைய 2 மி.மீ. அதைக் காப்பாற்றுவது கை பழகிய மருத்துவர்தான், வெட்டும் இடம் அல்ல. பழகிய கைகளில் குரல் நிரந்தரமாகக் கெடுவது நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான். ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கும் குட்டிச் சுரப்பிகளும் தைராய்டை ஒட்டியே இருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும்தான் எடுக்கிறார்கள் என்பதால், கால்சியம் குறையுமோ என்ற கவலை உங்களுக்கு அநேகமாக வேண்டாம்.

வாய் வழி முறை புதிதல்ல. பாங்காக்கைச் சேர்ந்த டாக்டர் அங்கூன் அனுவோங், 60 பேருக்குச் செய்த விவரத்தை 2016-ல் வெளியிட்ட பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. கீழுதட்டின் உட்புறம் மூன்று துளை போட்டு, வாயு செலுத்தி, கேமரா பார்த்துச் செய்வார்கள். தாடை சில வாரம் மரத்துப்போகலாம். ரத்தம் கட்டுப்படாவிட்டால் கழுத்தைத் திறந்தே ஆகவேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்குவார்கள். உங்கள் மகள் விஷயத்தில் நான் முக்கியமாகப் பார்ப்பது வேறு. கட்டியின் உறை முழுசாக இருந்தால்தான் அது புற்றுநோயா என்று ஆய்வகம் உறுதியாகச் சொல்ல முடியும். சின்னத் துளை வழியாக இழுக்கும்போது கட்டி சிதைந்தால் அந்த விடை கைநழுவிப் போகலாம். "முழுசாக வெளியே வருமா?" என்று நேராகக் கேளுங்கள்.

தழும்பைத் தவிர்த்தே ஆகவேண்டும் என்று நானே சொல்வது ஒரே ஒரு வகையினருக்கு: கீலாய்டு வருகிறவர்கள். மகளுக்குக் காது, மூக்கு குத்திய இடத்தையும் தோளில் பி.சி.ஜி. ஊசி போட்ட இடத்தையும் பாருங்கள். காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளர்ந்திருந்தால் அது கீலாய்டு. சிவந்திருப்பது மட்டும் கீலாய்டு ஆகாது. சாதாரணத் தழும்பும் சில மாதம் சிவந்திருந்துவிட்டு, ஒரு வருடத்தில் கழுத்து மடிப்போடு மங்கிவிடும். கீலாய்டு உடம்பு என்றால் மார்பு வழியாகச் செய்யும் 'தழும்பில்லா' அறுவைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கீலாய்டு மிக மோசமாக வளரும் இடமே நெஞ்சுதான்.

இனி, பேக்கேஜ் பேசும் ஆட்கள். ஸ்கேன் சென்டரிலிருந்தே நம்பரை வாங்கிக்கொண்டு, 'ரோபோ', 'லேசர்' என்று வீட்டுக்கு போன் போடுவார்கள். "இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி" என்று எவர் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். அவருக்குக் கமிஷன், கழுத்து உங்கள் மகளுடையது. இந்த மாதிரிக் கட்டிக்கு ஒரு வாரம் யோசிப்பதால் எதுவும் கெட்டுப்போகாது.

வருடத்துக்கு 25-க்கு மேல் தைராய்டு அறுவை செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்று 2017-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நம் ஊரில் எந்த மருத்துவர் எத்தனை செய்தார், எத்தனை பேருக்குக் குரல் போனது என்று நோயாளி பார்க்க ஒரு பட்டியல் உண்டா? வாசலில் பேனர் வைக்க இடமிருக்கிறது, இந்த இரண்டு எண்ணைப் போட இடமில்லை. அதனால் நீங்களேதான் கேட்கவேண்டும்; வாய் வழியாகச் செய்தவை எத்தனை என்று தனியாகக் கேளுங்கள். இரண்டாவது கருத்துக்கு வேலூர் சி.எம்.சி.யிலும், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இதற்கென்றே தனி அறுவைப் பிரிவு இருக்கிறது.

அப்புறம், அறுவைக்கு முன்பே குரல்நாண்களைப் பரிசோதித்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரவில் கழுத்து வீங்கி மூச்சு முட்டினால் தையலை அங்கேயே பிரித்து ரத்தத்தை வெளியேற்ற வேண்டியிருக்கும். அதைச் செய்யத் தெரிந்த டாக்டர் அன்று இரவு மருத்துவமனையிலேயே இருப்பாரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.