ஆந்தை: மூன்று கேள்விகள்

கேள்வி: என் நட்சத்திரம் பூசம். ஐந்து பறவைகளை வைத்துப் பலன் சொல்லும் பஞ்சபட்சி சோதிடத்தில் என் பறவை ஆந்தை என்கிறார் ஒருவர். கோழி என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: பிறந்த பட்சத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! வளர்பிறையில் பிறந்திருந்தால் திருவாதிரை முதல் பூரம் வரை ஆறு நட்சத்திரங்களுக்கும் ஆந்தை. தேய்பிறை என்றால் அதே ஆறுக்கும் கோழி. ஆந்தை அனுஷம் முதல் உத்திராடம் வரை போய்விடும். உத்திரம் முதல் விசாகம் வரை உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, எந்தப் பிறையிலும் காகம்தான்.

பறவை தெரிந்த பின்னும் பலர் கோட்டை விடுவது நேரத்தில். பகலுக்கு ஐந்து சாமம். சாமத்துக்கு 6 நாழிகை, அதாவது 2 மணி 24 நிமிடம். கணக்கு சூரிய உதயத்திலிருந்து தொடங்கும். உதயம் 6.20 என்றால் முதல் சாமம் 8.44 வரை. கண்ணை மூடிக்கொண்டு 6 மணி என்று வைத்தால் ஒவ்வொரு சாமமும் 20 நிமிடம் பிசகும். சாமத்துக்கு ஒன்றாகப் பறவை செய்யும் ஊண், நடை, அரசு, துயில், சாவு என்ற ஐந்து தொழில்களில் அரசுக்கே வலு அதிகம். இவற்றின் வரிசை பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. பிறை மாறினாலும் மாறும். ஒரே அட்டவணையைத் தினமும் புரட்டுவது வீண் வேலை.

கேள்வி: ஆந்தை அலறினால் சாவு என்ற பயம் சங்க காலத்திலேயே உண்டா?

பதில்: உண்டு. புறநானூறு 240-இல் மரப்பொந்துக் கூகை (ஆந்தை இனம்தான்), 'சுட்டுக் குவி' என்று செத்தோரை அழைப்பதுபோல் கத்துகிறது. கள்ளி முளைத்த சுடுகாடு அது. அகப்பாட்டில் அதே பறவைக்கு வேறு முகம். நற்றிணை 83-இல் தோழி கூகைக்கு லஞ்சம் பேசுகிறாள்: ஆட்டுக்கறி சேர்த்த நெய்ச்சோறு, கூடவே சுட்ட எலிக்கறி; காதலர் வரவுக்காகத் தூங்காமல் தவிக்கிறோம், அச்சம் வரக் கத்தாதே என்கிறாள். எலியைச் சேர்த்தாளே, பறவையின் நாக்கு அறிந்தவள்! குறுந்தொகை 153-இல் கபிலரின் தலைவி, முன்பெல்லாம் கூகை குழறினாலே நடுங்கியவள். இப்போது அவள் நெஞ்சு, காரிருளில் மலைச்சாரல் வழியே காதலன் பின்னால் போகிறது.

கேள்வி: குறளில் காக்கை கூகையை வெல்கிறது, பாரதத்தில் ஆந்தை காக்கைகளைக் கொல்கிறது. முரண் இல்லையா?

பதில்: பொழுதைப் பாருங்கள். குறள் 481 'பகல்வெல்லும்' என்கிறது, அதிகாரமே காலமறிதல். பாரதத்தின் சௌப்திக பர்வத்தில் நடப்பது இரவு. ஆலமரத்தில் உறங்கிய காக்கைகளை ஆந்தை அழித்ததைப் பார்த்துத்தான் துரோணர் மகன் அசுவத்தாமன், பாண்டவர் படை தூங்கும் பாசறைக்குள் நுழைந்தான்.