பிரைஸா, பிரைஸா?

"ஆங்கிலத்தில் நீங்கள் அடிக்கடி குழம்பும், பிழையாக எழுதும் சொற்கள் எவை?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் பட்டியலில் முதல் இடம் பிரைஸ். இரண்டாம் இடமும் பிரைஸ்தான்.

திருநெல்வேலிப் பக்கம் படித்து வளர்ந்து, கல்யாணமாகி மொரீஷியஸுக்கு வந்தவள் நான். வந்த புதிதில் கோயிலில் பிள்ளைகளுக்குத் திருக்குறள் போட்டி வைத்தோம். ஆங்கில அறிவிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் பரிசு 500 ரூபாய். பரிசுக்கு உரிய 'இசட்' போடாமல் விலைக்கு உரிய 'சி' போட்டு எழுதிவிட்டேன். இரண்டு பேர் சரிபார்த்தும் யார் கண்ணிலும் படவில்லை. ஒரு அம்மா மட்டும் வந்து, "பிள்ளையைச் சேர்க்க 500 ரூபாய் கட்டணுமா?" என்று கேட்டார்.

என் பக்கத்துக் காரணம் எளிது. 'எஸ்' ஒலியையும் 'இசட்' ஒலியையும் பிரித்துக் கேட்டுத் தமிழ்க் காதுக்குப் பழக்கமில்லை. அதனால்தான் தொலைப்பதும் லூஸ், தொளதொளவென்று இருப்பதும் லூஸ். (தொலைத்தால் ஒரு 'ஓ'வும் தொலைந்துபோகும் என்று நினைவு வைத்திருக்கிறேன்.) அட்வைஸும் அப்படியே. பெயர்ச்சொல்லுக்கு 'சி', வினைச்சொல்லுக்கு 'எஸ்'.

சரி, சரிபார்த்த இருவரும் இங்கேயே பிறந்தவர்கள். அவர்கள் ஏன் விட்டார்கள்? பிரெஞ்சில் விலைக்கும் பரிசுக்கும் ஒரே சொல்தான்: ப்ரி. எழுத்தும் ஒன்றே. எனக்குக் காது காலை வாரியது, அவர்களுக்குப் பிரெஞ்சு.

1810இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தத் தீவைப் பிடித்தும் பிரெஞ்சு இங்கிருந்து போகவில்லை. இன்றும் பாடப் புத்தகம் ஆங்கிலம், செய்தித்தாள் பெரும்பாலும் பிரெஞ்சு, வீட்டில் பிரெஞ்சிலிருந்து கிளைத்த க்ரியோல் மொழி. ஆகவே இங்கே பிள்ளைகள் செய்யும் பிழை ஊரில் நாம் செய்த பிழை அல்ல. முகவரிக்கான அட்ரஸில் ஒரு 'டி'யை விட்டுவிடுவார்கள், பிரெஞ்சில் ஒன்றுதான். டிராஃபிக்கில் ஒரு 'எஃப்' போய்விடும், மேரேஜில் ஒரு 'ஆர்'. டெவலப்மென்டிலோ ஒரு 'பி' கூடிவிடும். மார்ச் 12 சுதந்திர தினம் வந்தால் என் மகள் இண்டிபெண்டன்ஸின் கடைசி 'என்'னுக்கு முன்னால் 'இ' வரவேண்டிய இடத்தில் பிரெஞ்சு 'ஏ'வைப் போட்டுவிடுவாள். வருடா வருடம் இதே கதை. அதற்காக எல்லா 'இ'யும் ஆங்கிலம், எல்லா 'ஏ'யும் பிரெஞ்சு என்று சூத்திரம் போட்டுவிடாதீர்கள். ரெசிஸ்டன்ஸில் இரண்டு மொழியிலும் 'ஏ'தான்.

எழுத்துப் பிழையைக்கூட கணினி சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். பொருள் மாறும் சொற்கள்தான் ஆபத்து. பிரெஞ்சில் 'தெமாந்தே' என்றால் சும்மா கேட்பது. அதே நினைப்பில் கூட வேலை பார்த்த ஒருவர் மேலாளருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு நாள் லீவை 'டிமாண்ட்' செய்திருந்தார். படித்தால் தொழிற்சங்க நோட்டீஸ் மாதிரி இருந்தது. நல்லவேளை, மேலாளரும் இந்த ஊர்க்காரர். எப்போதும்போல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இன்றுவரை எனக்குக் கைவராத சொல் ஒன்று உண்டு: அக்காமடேஷன். ஒரு 'சி'யா இரண்டா, ஒரு 'எம்'மா இரண்டா என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுவேன். இரண்டும் இரண்டிரண்டு. பிரெஞ்சிலும் அப்படியேதான் எழுதுகிறார்கள், பழி போடக்கூட ஆளில்லை.