போக 10 மணி நேரம், வர 12 மணி நேரம்: ஒரே தூரத்துக்கு ஏன் இரண்டு கணக்கு?

கேள்வி: குளிர்காலத்தில் டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போகிறேன். தூரம் சுமார் 8,800 கி.மீ. என்கிறார்கள். ஆனால் டிக்கெட்டில், மாலை 5 மணிக்குக் கிளம்பி அதே நாள் காலை 10 மணிக்கு இறங்குவதாக இருக்கிறது! திரும்பும்போது பகல் 12-க்குக் கிளம்பினால் மறுநாள் மாலை 5 மணி. உண்மையில் எவ்வளவு நேரம் பறக்க வேண்டும்?

பதில்: டிக்கெட்டில் தப்பில்லை. போக 10 மணி நேரம், வர 12 மணி நேரம்.

முதலில் கடிகாரக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டிக்கெட்டில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் டோக்கியோ லாஸ் ஏஞ்சலிஸைவிட 17 மணி நேரம் முன்னால் இருக்கிறது. மாலை 5 மணியோடு 10 மணி நேரத்தைக் கூட்டினால் டோக்கியோவில் மறுநாள் அதிகாலை 3. அதில் 17-ஐக் கழித்தால் கிளம்பிய நாளின் காலை 10. வழியில் சர்வதேச தேதிக் கோட்டைத் தாண்டுவதால் வரும் வேடிக்கை இது. மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள், ஜப்பானில் அந்தப் பழக்கம் இல்லை. அப்போது வித்தியாசம் 16 மணி நேரம்தான்.

சரி, அந்த இரண்டு மணி நேர வித்தியாசம்? அதற்குக் காற்றுதான் காரணம். விமானம் பறக்கும் 10, 12 கி.மீ. உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கி.மீ.யைக்கூடத் தாண்டும். பாதை முழுக்க அந்த வேகம் கிடைக்காது. சராசரியாக 100 கி.மீ. என்றே வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 900 கி.மீ. போகும் விமானம், காற்று பின்னாலிருந்து தள்ளினால் தரையைப் பொறுத்தவரை 1,000 கி.மீ. போகும், எதிரே அடித்தால் 800 கி.மீ. தான். 8,800-ஐ இவற்றால் வகுத்தால் 8.8 மணி, 11 மணி. இதோடு மேலேறி இறங்கும் நேரமும், கேட்டிலிருந்து ரன்வே வரை ஊர்ந்துபோகும் நேரமும் சேரும். டிக்கெட் நேரம் கேட்டிலிருந்து கேட் வரைக்குமான கணக்கு. தூரத்தை வேகத்தால் வகுத்துக் காட்டும் இணையதளங்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை, அவற்றை நம்பி அடுத்த விமானத்துக்கு டிக்கெட் போடாதீர்கள்.

தூரமும் கல்லில் செதுக்கியதல்ல. 8,800 என்பது உருண்டைப் பூமியின் மேல் மிகக் குறுகிய வழி. தட்டை வரைபடத்தில் அது வடக்கே, அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகள் பக்கமாக வளைந்து தெரியும். பசிபிக்கில் காற்றைப் பார்த்துத் தினமும் பாதைகளை மாற்றி வகுக்கிறார்கள். எதிர்க்காற்றிலிருந்து தப்பிக்க, சுற்றிப்போவதே சில நாள் லாபம். வான்வெளி மூடினால் கதையே வேறு: 2022-ல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரத்தைத் தொட்டது.

அப்புறம், மைல் கணக்கிலும் ஏமாறாதீர்கள். இதே தூரம் சாதாரண மைலில் சுமார் 5,470, விமானிகள் சொல்லும் நாட்டிகல் மைலில் சுமார் 4,750.

ஹோட்டல் போடும்போது, போகிற பக்கம் கிளம்பும் தேதிக்கே அறை எடுங்கள். திரும்பும்போது ஒரு தேதி தாண்டிவிடும், அலுவலக விடுமுறையில் அந்த நாளையும் சேர்த்துக் கேளுங்கள்.