மஞ்சள் காட்டிலிருந்து மீன்வளப் படிப்புக்கு

அன்புள்ள ஐயா,

"கடலே கண்ணில் படாத கோபியில் இருந்துகொண்டு மீன் படிப்பு எதற்கு?" என்று போன வாரம் கேட்டீர்கள். உங்கள் மகள் அம்மணி அப்போது வாய் திறக்கவில்லை. நீங்கள் வண்டியை எடுக்கப் போனதும் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். உங்கள் பண்ணைக்குட்டையில் செத்து மிதந்த ரோகு மீன். வயிற்றோரம் செதில் உதிர்ந்து, ரத்தம் கட்டிய புண். "தீவனத்தில் பூண்டும் மஞ்சளும் கலந்தால் இது வராமல் தடுக்கலாமா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி, ஐயா. இத்தகைய புண்ணுக்குப் பல நேரங்களில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாதான் காரணம். கண்டபடி ஆன்டிபயாடிக் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், மீனிலும் எச்சம் தங்கும். அதனால்தான் பூண்டு, மஞ்சள், வேம்பு, கொய்யா இலை என்று தீவனத்தில் சேர்த்து, மீனின் எதிர்ப்புச் சக்தி கூடுகிறதா என்று ஆராய்கிறார்கள்.

இதைக் கைவைத்தியம் என்று எண்ணிவிடாதீர்கள். பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின் என்ற மருந்துப் பொருள் சூடு பட்டால் சிதைந்துவிடும். தீவன ஆலையிலோ நீராவிச் சூடு. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளும் உடம்பில் எளிதில் சேராது. இலைத்தூள் மிஞ்சினால் அதிலுள்ள டானின், சபோனின் என்ற பொருள்கள் மீனின் வளர்ச்சியையே குறைத்துவிடும். எந்த மீனுக்கு, எத்தனை கிராம், எத்தனை நாள்? இந்தக் கணக்கைத்தான் அவள் படிக்க வேண்டும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. அதற்கு எந்த மூலிகையும் உதவாது என்பதும் அந்தப் படிப்பில்தான் வரும்.

பி.எஃப்.எஸ்ஸி. என்பது 4 ஆண்டு இளநிலை மீன்வள அறிவியல் படிப்பு. நாகப்பட்டினத்தில் தலைமையிடம் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. அதன் தூத்துக்குடிக் கல்லூரி 1977 முதல் இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும், நீட் வேண்டாம். அம்மணி உயிரியல் பிரிவில் படிப்பதால் தடையில்லை. முதுநிலையில் மீன் ஊட்டச்சத்து அல்லது நீர்வாழ் உயிரின நலம் எடுத்தால் அவள் கேள்விக்கு நேராகப் போய்ச் சேரலாம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். தனியார் தீவன ஆலைகளில் தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது. வேலைகள் ஆந்திரத்தின் கிருஷ்ணா, கோதாவரிப் பக்கம்தான் அதிகம். பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்பும் மனம் உங்களுக்கு வேண்டும். மீன்வளத் துறை ஆய்வாளர் தேர்வு, ஆராய்ச்சிப் பணி ஆகிய வழிகளும் உண்டு. அவற்றுக்குப் பொறுமை தேவை.

விண்ணப்பத்துக்கு முன் ஒரு நாள் அவளைப் பவானிசாகர் மீன் பண்ணைக்கு அழைத்துப் போங்கள். அங்கே இருப்பவர்களிடம் கேள்விகளை அவளே கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்