சுழியோடு சண்டை

அன்புள்ள ஐயா,

பழைய சலூன்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். அந்தத் துணிச்சலில்தான் இதைக் கேட்கிறேன். போன மாதம் இங்கே ஒரு பார்லரில் 1,800 ரூபாய் கொடுத்து ‘வுல்ஃப் கட்’ வைத்துக்கொண்டேன். அங்கே கண்ணாடியில் பார்த்தபோது அழகாக இருந்தது. வீட்டில் தலைக்குக் குளித்ததும் உச்சிமுடி குடைபோல விரிந்துகொண்டது, பின்முடி வால்போலத் தொங்குகிறது. எலி கரம்பியதுபோல இருக்கிறது என்கிறார் அம்மா. சூடு வைக்காமல் இதைத் தினமும் எப்படிப் படிய வைப்பது? எண்ணெய் வைக்கலாமா? முடியை நெற்றிக்கு மேல் குடுமியாகக் கட்டி வெட்டினால் லேயர் சரியாகிவிடும் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள், நானே செய்யலாமா? இப்படி வெட்டிக்கொள்வது நம் பண்பாட்டுக்கு எதிரானது என்று பெரியப்பா சொல்கிறார். உங்கள் கருத்து என்ன?

கே., கோவை

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் இரண்டு கண்ணாடிகளை வைத்து என் உச்சந்தலையைப் பார்க்க முயன்று கழுத்தைச் சுளுக்கிக்கொண்டேன். வயது அறுபத்திரண்டு. முடியில் பாதிக்கு மேல் போய்விட்டது. போன பிறகு சுழி மட்டும் தெளிவாகத் தெரிகிறது, குளம் வற்றியதும் நடுக்கிணறு தெரிவதுபோல. அதையே யோசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதத்தைத் திறந்தேன்.

பெரியப்பாவை முதலில் முடித்துவிடுகிறேன். குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்தவனுக்கு ஒரு காலத்தில் வீட்டில் சோறு போடவில்லை. கிராப்பு வைத்த அதே மனிதர், தியாகராஜ பாகவதரைப் பார்த்துப் பிடரிவரை முடி வளர்த்த மகனைத் திட்டினார். அந்த மகன், எழுபதுகளில் காதை மூடி முடி விட்ட தன் மகனைத் திட்டினார். உங்கள் பெரியப்பாவின் கல்லூரிக்காலப் புகைப்படம் வீட்டில் எங்கேயாவது இருக்கும், தேடிப் பாருங்கள். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு மரியாதை வேண்டாம்.

ஓநாய் என்ற பெயர்தான் புதிது. 1971இல் வந்த ‘க்ளூட்’ என்ற அமெரிக்கப் படத்துக்காக ஜேன் ஃபோண்டாவின் முடியை நியூயார்க்கில் பால் மக்ரெகர் என்பவர் அடுக்கடுக்காக, கலைந்தாற்போல வெட்டிவிட்டார். பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய் அதையே கேட்டார்கள். அந்த வெட்டையும், பின்னால் வால் விடும் ‘மல்லெட்’டையும் கலந்து தென்கொரிய சலூன்கள் பரப்பியதைத்தான் 2021 வாக்கில் குறுங்காணொளிகள் உலகெங்கும் கொண்டுபோயின. உங்கள் தலையில் இருப்பது உங்கள் அம்மாவுக்கு மூத்தது என்று அவரிடம் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் திட்டு வாங்கவேண்டிய இடம். நெற்றிக்கு மேல் குடுமி கட்டி வெட்டும் அந்த வித்தை ஏன் வேலை செய்கிறது என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? தலைமுடி முழுவதையும் ஒரே புள்ளிக்கு இழுத்து நேராக வெட்டினால், பிடரியிலிருந்து வரும் முடி அதிக தூரம் பயணம் செய்து அந்தப் புள்ளிக்கு வருவதால் அவிழ்த்துவிடும்போது நீளமாக விழும். முன்முடி பக்கத்திலேயே முளைப்பதால் குட்டையாக விழும். வெறும் கயிற்றுக் கணக்கு. ஏற்கெனவே உச்சி குட்டையாகிப்போன உங்கள் தலையில் அதே கணக்கை மறுபடியும் போட்டால் குடை இன்னும் விரியும், வேறென்ன ஆகும்? நீளமுடியின் எடைதான் உச்சியை அமுக்கி வைத்திருந்தது. எடையை வெட்டி எறிந்துவிட்டு, முடி எழுந்து நிற்கிறதே என்றால் எப்படி? அடர்த்தியைக் குறைக்கிறேன் என்று பல் கத்தரியையும் வேர்ப்பக்கம் ஓட்டியிருப்பார்கள். அந்தக் குட்டை முடிகள் அடியில் நின்று மேல்முடியை முட்டுக்கொடுத்துத் தூக்கும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வளரும். நள்ளிரவில் காகிதம் வெட்டும் கத்தரியால் மூன்று அங்குலம் தவறினால் அரை வருடம் தொப்பி போட்டுக்கொண்டு திரிய வேண்டும்.

நான் திரிந்தேன். 1981. அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். அப்போது ‘ஸ்டெப் கட்டிங்’ காலம். காதுக்கு மேலிருந்து படிப்படியாக இறங்கிக் கழுத்தில் புரள வேண்டும். ஊரில் முடிவெட்டும் பெரியவரிடம் போய், பத்திரிகையிலிருந்து கிழித்த படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. என் தலையைக் குனியவைத்து, உலர்ந்த முடியை நாலு திசையிலும் சீவிவிட்டு, அது எந்தப் பக்கம் திரும்பி விழுகிறது என்று பார்த்தார். பிறகு சொன்னார்: “தம்பி, உனக்கு இரட்டைச் சுழி. ஒன்று வலம் சுற்றுகிறது, ஒன்று இடம். இரண்டுக்கும் நடுவில் குட்டையாக வெட்டினால் படியாது. சுழியோடு சண்டை போடாதே.”

இரட்டைச் சுழி என்றால் இரண்டு கல்யாணம் என்றுதான் எனக்குத் தெரியும். முடிவெட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று யார் சொன்னார்கள்? மறுநாள் பஸ் ஏறிப் பக்கத்து நகரத்தில் சுழல் நாற்காலி வைத்த ஒரு சலூனுக்குப் போனேன். படத்தில் உள்ளபடியே வெட்டினார்கள், தண்ணீர் தெளித்து, கிரீம் தடவி, அழுத்திச் சீவிவிட்டார்கள். ஊர் வந்து சேர்வதற்குள் தலை காய்ந்தது. காய்ந்ததும் உச்சியில் ஒரு கொத்து எழுந்து விசிறிபோல நின்றது. என் அக்கா பார்த்துவிட்டு, தலையில் விசிறிக்கொண்டை உள்ள ஒரு பறவையின் பெயரை, ஒரே சொல்லாகச் சொன்னாள்: “கொண்டைலாத்தி.” இன்றுவரை அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர்.

மூன்றாம் நாள் பெரியவரிடமே திரும்பப் போனேன். அவர் ஒரு முடியைக்கூட வெட்டவில்லை. நாற்பது நாள் கழித்து வா என்றார். அதுவரை என்ன செய்வது என்று மட்டும் காட்டினார். முடி ஈரமாக இருக்கும்போது சுழி எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே விரலால் கோதிவிட்டு, துண்டை இறுக்காமல் கட்டி, காயும்வரை தலையைத் தொடாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். நீங்கள் கேட்ட ‘சூடு வைக்காமல்’ என்பதற்கான பதிலும் இதில் வந்துவிட்டது, கவனித்தீர்களா? ஈரத்தில் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன, காயும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் மறுபடி பூட்டிக்கொள்கின்றன. அவருக்கு ஹைட்ரஜன் தெரியாது. காய்கிற கடைசி கால்மணி நேரம்தான் முக்கியம் என்பது தெரியும். லேசான ஈரத்தில் இரண்டு தளர்ந்த சடைகளாகப் பின்னிக்கொண்டு தூங்குங்கள், காலையில் அவிழ்த்தால் உங்கள் வால் வாலாக இருக்காது, அலையாக இருக்கும். டிரையர்தான் வேண்டுமென்றால் காற்று வேரிலிருந்து நுனிநோக்கிப் போகட்டும், கீழிருந்து மேலே ஊதாதீர்கள்.

1,800 ரூபாய் வாங்கியவர்கள் உங்கள் சுழியைப் பார்த்தார்களா? இதுதான் என் கேள்வி. வந்து உட்கார்ந்ததும் கழுவிவிட்டு ஈரத்தில் வெட்டுகிறார்கள். ஈரமுடி நீண்டு, படிந்து, சொன்னபடி கேட்கும். அது முடியின் சொந்தக் குணம் அல்ல. வெட்டி முடித்ததும் சூட்டில் உருட்டி ஒரு வடிவம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நீங்கள் காசு கொடுத்தது அந்த ஒரு மணி நேரத்து வடிவத்துக்கு. அடுத்த முறை போகும்போது, தலைக்குக் குளித்து, சீவாமல் காயவிட்டு, எப்படி இருக்கிறதோ அப்படியே போங்கள். கழுவுவதற்கு முன் உச்சந்தலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்க மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஆறு வாரத்துக்கு உச்சியில் கத்தரி படக்கூடாது, வாலின் நுனியை மட்டும் ஓர் அங்குலம் குறைக்கச் சொல்லலாம்.

அந்தப் பெரியவர் எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் பின்வாசல் வழியாகத்தான் வருவார். தலையைக் கொடுத்தவர்கள் உட்கார நாற்காலி கொடுக்கவில்லை. என்னைத் ‘தம்பி’ என்று அழைத்தவரை, அவர் வயதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நான் எப்படிக் கூப்பிட்டேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அவருடைய அம்மாதான் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பேறு பார்த்தவர். அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயர் சும்மா வரவில்லை. நாற்பதாம் நாள் வெட்டிக்கொண்டிருந்தபோது, சுழியைப் பார்த்ததும் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “உன் இரட்டைச் சுழியை முதலில் பார்த்தது என் அம்மா. அன்றைக்கே வீட்டில் வந்து சொன்னார்” என்றார்.

உங்களுக்கு எத்தனை சுழி, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அம்மாவிடம் கேளுங்கள். எலி, பூனை என்று திட்டினாலும், உங்களைக் காலில் கிடத்தித் தலைக்கு ஊற்றியவர் அவர். பார்க்காமலேயே சொல்வார்.

பி.கு. எண்ணெயை மறந்துவிட்டேன். தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் இழப்பதைக் குறைக்கிறது என்று 2003இல் நம் ஊர் ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள், சூரியகாந்தி எண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லையாம். குளிப்பதற்கு முந்தைய இரவு நுனியில் மட்டும் தடவுங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் அலசாதீர்கள். சிறுவாணித் தண்ணீர் வரும் ஊரில் இருந்துகொண்டு இதையெல்லாம் என்னிடம் சொல்ல வைக்கிறீர்கள்.