மகள் நாய்களுக்குப் பிசியோதெரபி படிக்க வேண்டும் என்கிறாளா?

பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் மகள், நாய்களுக்குப் பிசியோதெரபி பார்க்கும் வேலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இதை நம்பி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்பலாம். ஆனால், அவள் நினைப்பதுபோல் நேரே போய்ச் சேர்ந்துவிடக்கூடிய படிப்பு அல்ல இது. பிரிட்டனில் விலங்குகளுக்கான பிசியோதெரபிக்கே பட்டப்படிப்பு உண்டு. மற்றபடி, முதலில் கால்நடை மருத்துவம் அல்லது மனிதர்களுக்கான பிசியோதெரபி. அதில் பட்டம் வாங்கிய பிறகுதான் நாய்.

அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகத்தின் சி.சி.ஆர்.பி., கெனைன் ரிஹாபிலிட்டேஷன் இன்ஸ்டிடியூட் தரும் சி.சி.ஆர்.டி. ஆகியவை இத்துறையில் பெயர்பெற்ற சான்றிதழ்கள். இரண்டுமே ஏற்கெனவே தொழில் தகுதி பெற்றவர்களுக்கானவை. அடிப்படைப் பட்டம் எதையும் கேட்காமல் சில வாரங்களில் பிசியோதெரபிஸ்ட் ஆக்கிவிடுகிறோம் என்று வரும் விளம்பரங்கள் மகள் கண்ணில் படுமுன் உங்கள் கண்ணில் படட்டும்.

கால்நடை மருத்துவமா, மனிதர்களுக்கான பிசியோதெரபியா என்பதுதான் நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். கால்நடை மருத்துவரானால் நோயைக் கண்டறியலாம், மருந்து எழுதலாம், பிற்காலத்தில் சொந்த மருத்துவமனையும் நடத்தலாம். பிசியோதெரபி வழியாக வருபவர் பெரும்பாலும் கால்நடை மருத்துவரின் பரிந்துரையோடுதான் சிகிச்சை தர முடியும். இந்தச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அவள் வேலை பார்க்க நினைக்கும் இடத்தின் விதியை இப்போதே விசாரித்துவிடுங்கள். நாய் வேலை அமையாவிட்டால் மனிதர்களிடம் திரும்பலாம் என்பது இந்த வழியின் தெம்பு. ஆனால் விலங்குகளைத் தவிர வேறெதிலும் மனம் ஒட்டாத பிள்ளையை, உங்கள் நிம்மதிக்காக அதில் தள்ளாதீர்கள். என் ஓட்டு கால்நடை மருத்துவத்துக்கே.

வேலை எப்படி இருக்கும்? முழங்கால் தசைநார் அறுந்து, அறுவை சிகிச்சை முடிந்து வரும் லாப்ரடாரை எடுத்துக்கொள்ளுங்கள். வலிக்கிற காலைச் சரியாக மடக்காமல் பக்கவாட்டில் நீட்டியபடி உட்காரும். நின்றால் பாரத்தை மற்ற மூன்று கால்களுக்கு மாற்றிவிடும். தொடையைச் சுற்றி டேப் பிடித்தால் அந்தக் கால் சூம்பியிருப்பது தெரியும். மூட்டு எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்று கோணமானியால் அளந்து எழுத வேண்டும். தையல் ஆறிய பிறகு தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடும் டிரெட்மில். தண்ணீர் இடுப்பு மூட்டு உயரத்துக்கு இருந்தால் கால்கள் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ 38 சதவீதம்தான்; முழங்கால் அளவுக்கு இறக்கினால் 85 சதவீதம். ஆகவே அன்றைக்குத் தண்ணீரை எங்கே நிறுத்துவது என்பதே ஒரு மருத்துவ முடிவு. வலிக்கிறது என்று நாய் வாய்விட்டுச் சொல்லாது. உதட்டை நக்கும், உடம்பை விறைக்கும், நம் கையை நோக்கிச் சட்டென்று தலையைத் திருப்பும். அதையும் கவனிக்காவிட்டால் கடிதான்.

டாஷ்ஹண்ட் போன்ற குட்டைக்கால் இனங்களுக்கு முதுகெலும்பு டிஸ்க் பிதுங்கிப் பின்னங்கால்கள் செயலிழப்பதுண்டு. வயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்றுவது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, நனைந்த ரோமத்தைத் துடைப்பது எல்லாம் இந்த வேலையில் அடங்கும். நாய் என்றால் உயிர் என்று சொல்பவர்கள் தயங்குவது இங்கேதான். நாள் முழுக்கத் தரையில் மண்டியிட்டு வேலை செய்வதால் தன் முதுகையும் அவள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாயைவிட வளர்ப்பவரோடு மல்லுக்கட்டுவது அதிகம். வழுக்கும் தரையில் விரிப்புப் போடச் சொல்ல வேண்டும், நகம் வெட்டச் சொல்ல வேண்டும், எடையைக் குறைக்கச் சொல்ல வேண்டும். "பாவம், கெஞ்சுகிறதே" என்று தின்பண்டம் நீட்டுபவரிடம் கோபப்படாமல் அடுத்த வாரமும் அதையே சொல்ல வேண்டும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை என்றால் பேச்சுப் பழக்கம் இப்போதே தேவை.

சம்பளம், வாய்ப்பு என்று கேட்டால்: அறுவை சிகிச்சை செய்யும் பெரிய கால்நடை மருத்துவமனைகள், வயதான நாய்களின் மூட்டுவாதம், காவல்துறை நாய்கள் என வேலை இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் முழுநேரமும் இதுவே கிடைப்பது அரிது. பொது மருத்துவத்தோடு சேர்த்துத்தான் செய்ய வேண்டியிருக்கும். தண்ணீர் டிரெட்மில் விலை உயர்ந்த கருவி, கடன் வாங்கிச் சொந்த மையம் தொடங்குவதைப் பற்றிப் பல ஆண்டுகள் கழித்து யோசிக்கலாம்.

இந்த விடுமுறையில் ஒரு மருத்துவமனையில் அனுமதி வாங்கி, அவளைச் சில நாட்கள் ஓரமாக நின்று பார்க்கவிடுங்கள். சிறுநீர் வெளியேற்றும் நேரத்திலும் அங்கே இருக்கட்டும். விண்ணப்பப் படிவத்தை அதற்குப் பிறகு நிரப்பலாம்.